தரவைக் கேட்கும் முன்: புற்றுநோய்க் கூட்டாய்வில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகளாகத் தரவு வேலை பார்க்கிறேன். முனைவர் பட்டமோ மருத்துவ மேற்படிப்போ முடித்த கையோடு இளம் ஆய்வாளர்கள் எங்களிடம் வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கெட்டிக்காரர்கள், புள்ளியியலில் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் எல்லோரும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர்களுடைய எத்தனையோ மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999-இல் நிதி கொடுத்து ‘கேன்சர் ரிசர்ச் நெட்வொர்க்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்க உதவியது. கெய்சர் பெர்மனென்டே, சியாட்டிலின் குரூப் ஹெல்த், டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு போன்ற மருத்துவக் குழுமங்கள் அதில் சேர்ந்தன. இவற்றில் பலவற்றில் காப்பீடும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டுமல்ல, வராமல் இருந்தவர்களையும் கணக்கில் எடுக்க முடியும். ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இது எளிதில் வாய்க்காது. இளம் ஆய்வாளர்களைப் பழக்குவதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தையும் இந்தக் கூட்டமைப்பு நடத்தியது.

புதிதாக வருபவரின் முதல் மின்னஞ்சலில் அநேகமாக இந்த வரி இருக்கும்: “உங்கள் நோயாளிகளின் தரவை அனுப்பி வைக்க முடியுமா?” முடியாது. இங்கே தரவு பயணம் செய்வதில்லை, புரோகிராம்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு குழுமமும் தன் தரவைத் தன் கணினியிலேயே வைத்திருக்கும். ஆனால் அட்டவணைகளின் அமைப்பும் அவற்றிலுள்ள குறியீடுகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். ‘வர்ச்சுவல் டேட்டா வேர்ஹவுஸ்’ என்பது இதுதான். நெல்லை ஒரே களத்தில் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அவரவர் குதிரில் அவரவர் நெல். ஒரே மரக்கால் வீடு வீடாகப் போகிறது, அளந்த கணக்கு மட்டும் திரும்பி வருகிறது. நோயாளியின் அந்தரங்கத்துக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து இல்லை.

மரக்கால் ஒன்று என்பதால் நெல்லும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குழுமமும் மின்னணு மருத்துவக் குறிப்பேட்டுக்கு மாறிய ஆண்டு வேறு. 2015 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதும் நோய்க் குறியீடுகள் ஐ.சி.டி.-9-இலிருந்து ஐ.சி.டி.-10-க்கு மாறின. அந்தத் தேதியில் உங்கள் வரைபடம் திடீரென்று குதித்தால், உடனே நோயைச் சந்தேகிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பதிவில் இல்லாததை நடக்காதது என்று எடுத்துக்கொள்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுத்துக்கொள்கிறார்களா என்று ஓர் இளம் ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பியும்விட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் மதியம் இருவரும் உட்கார்ந்து, பெயரில்லாத வரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்டுகள் தவறாமல் மேமோகிராம், பிறகு ஒன்றுமே இல்லை. காய்ச்சலுக்கு வந்த பதிவுகூட இல்லை. உறுப்பினர் அட்டவணையைத் திறந்தால் டிசம்பர் 31 என்று முடிவுத் தேதி. அவர் குழுமத்தை விட்டே போயிருந்தார். அமெரிக்காவில் பலருக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை மாறினாலோ, முதலாளி காப்பீட்டு நிறுவனத்தை மாற்றினாலோ டாக்டரும் மாறிவிடுவார். 65 வயதில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வரும்போது இன்னொரு மாற்றம். அந்தப் பெண் வேறெங்கோ மேமோகிராம் எடுத்திருக்கலாம். எங்கள் ஏட்டில் அது வராது, அவ்வளவுதான்.

அடுத்த வரியில் இதற்கு நேர்மாறு. உறுப்பினர் பதிவில் இரண்டு மாத இடைவெளி, பிறகு அதே ஆள் அதே டாக்டரிடம். இவர் எங்கும் போகவில்லை. புதுப்பிக்கும் காகிதம்தான் தாமதம். 90 நாள் வரையிலான இடைவெளியைத் தொடர்ச்சியாகவே கொள்வது பல ஆய்வுகளில் வழக்கம். ஆனால் அந்த எல்லையை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

வெளியேறியவர்களைச் சரியான தேதியில் நீக்கியதும், செங்குத்துச் சரிவு லேசான இறக்கமாக மாறியது. அவர் ஆய்வுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வலித்திருக்கும். ஆனால் அந்த எண்ணை நம்பி யாராவது ஒரு கிளினிக்கின் ஆட்களையும் பணத்தையும் திசை திருப்பியிருந்தால், பாதிக்கப்பட்டிருப்பது நோயாளிகள்.

மருந்திலும் இதே கண்ணி உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்ஸிஃபென் மாத்திரை என்பதால் மருந்தக அட்டவணையில் இருக்கும். அதிலும் வாங்கியதுதான் தெரியும், விழுங்கியது தெரியாது. அதே நோய்க்குத் தரும் ட்ராஸ்டூசுமாப், கிளினிக்கில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. அதை ஜே9355 என்ற குறியீட்டில் சிகிச்சைமுறை அட்டவணையில்தான் தேட வேண்டும். மருந்தகத்தில் மட்டும் தேடிவிட்டு, ஓர் இடத்தில் யாருக்குமே அந்த மருந்து கொடுக்கப்படவில்லை என்று எழுதியவரை எனக்குத் தெரியும். அங்கே வேலை செய்யும் ஒரு நர்ஸிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இந்தத் தரவு ஆய்வுக்காகச் சேர்த்தது அல்ல. யாரோ ஒருவருக்கு வைத்தியம் பார்த்தபோது, பில் போட்டபோது உண்டான தடம். அது எப்படி உண்டானது என்று தெரிந்தவர்கள் அந்தந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் போங்கள்.

புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து, நோய் மீண்டும் வந்ததைக் கணக்கிடத் திட்டமிடுபவர்களும் நிறையப் பேர். பதிவேட்டில் நோய் கண்ட தேதி, நிலை, முதல் சுற்றுச் சிகிச்சை ஆகியவை நன்றாக இருக்கும். மறுபடி வந்த நோயை அங்கே நம்பித் தேட முடியாது. பயிற்சி பெற்றவர்கள் நோயாளிக் குறிப்புகளைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கான செலவு இல்லாத பட்ஜெட்டைப் பார்த்தாலே, எழுதியவர் எங்கள் ஆட்கள் யாரிடமும் பேசவில்லை என்று தெரிந்துவிடும்.

பட்ஜெட் என்றதும் புரோகிராமர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு இடங்களில் ஆய்வு என்றால் ஆறு இடத்திலும் ஒருவர் உங்கள் புரோகிராமை வாங்கி, ஓட்டி, பிழை வந்தால் சரிசெய்து, வந்த எண்கள் தம் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கு நிதி ஒதுக்குங்கள். ஆய்வை வடிவமைக்கும்போதே கூப்பிடுங்கள், அவர்களுடைய பங்கு தகுதியாக இருந்தால் கட்டுரையில் பெயரும் சேருங்கள். நிதி விண்ணப்பத்தை முழுதாக எழுதி முடித்து, கெடு தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது “சேர்ந்துகொள்கிறீர்களா?” என்று கேட்பது கூட்டாய்வு ஆகாது.

காலக் கணக்கிலும் ஏமாறுவார்கள். என்.ஐ.எச். என்ற அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் நிதியில் பல இடங்களில் ஒரே நெறிமுறைப்படி நடக்கும் ஆய்வுகளுக்கு 2018 முதல் ஒரே அறநெறிக் குழுவின் அனுமதி என்ற விதி வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம் ஒவ்வொரு குழுமத்தின் சட்டப் பிரிவையும் தாண்டி வர வேண்டும். மாதக் கணக்கில் ஆகலாம். அரிய புற்றுநோயாக இருந்து, அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் நான்கைந்து பேர்தான் இருந்தால், அந்த எண்ணையே வெளியிட விடமாட்டார்கள். ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்ற அச்சம் நியாயமானது.

வழிகாட்டி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஒருவர் போதாது. உங்கள் துறையில் ஆழம் உள்ளவர் ஒருவர், குழுமத்துக்குள்ளேயே இருக்கும் ஒருவர் என்று இரண்டு பேராவது வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் கிளினிக்கில் நாளைக்கே ஏதாவது மாறும் என்று இரண்டாமவருக்குத்தான் தெரியும்.

மேமோகிராம் ஆய்வு செய்த அந்தப் பெண், திருத்திய முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே போனார். லேசான அந்த இறக்கத்தைப் பார்த்ததும் அங்கிருந்த மூத்த நர்ஸ் ஒருவர் சொன்னாராம்: ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் இவர்களைப் புற்றுநோய் டாக்டரிடமிருந்து குடும்ப டாக்டரிடம் மாற்றிவிடுகிறோம், அதற்குப் பிறகு மேமோகிராமை நினைவூட்டுவது யாருடைய பொறுப்பு என்று இங்கே யாருக்கும் தெளிவில்லை. அந்த ஆய்வாளரின் அடுத்த விண்ணப்பம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.