அகழாய்வுக் குழியில் கரித்துண்டு எடுக்கும் முறை

பொருளில் எஞ்சியுள்ள கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தின் அளவைக் கொண்டு அதன் வயதை அறியும் கரிமக் காலக்கணிப்புக்கு மாதிரி எடுப்பவர், கரித்துண்டை வெறுங்கையால் தொடாமல், தூய்மையான உலோக இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, குழியின் எண்ணையும் மண்ணடுக்கையும் ஆழத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். பஞ்சிலோ காகிதத்திலோ பொதியவே கூடாது. அவற்றின் புதிய கரிமம் கலந்தால் மாதிரியின் வயது குறைத்துக் காட்டப்படும்.

கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றுக்கு இம்முறை உதவாது. பெருமரத்தின் கரியைவிடக் கருகிய நெல்மணியையே நான் நம்புவேன்; ஏனெனில் மரத்தின் உள்வளையங்கள், அது வெட்டப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உருவாகியிருக்கக்கூடும்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. ஆழக் குறிப்பு இல்லாதிருந்தால், அக்காலத்தை எந்த மண்ணடுக்கோடும் இணைத்திருக்க முடியாது.