புதிதாகப் பொறுப்பேற்கும் அதிபருக்கு: எல்லாப் பிள்ளைகளும் பயமில்லாமல் வரும் பள்ளிக்கூடம்

அதிபராகவோ பிரதி அதிபராகவோ நியமனம் கிடைத்தவர்கள் என்னிடம் வந்து, "டீச்சர், எங்கேயிருந்து தொடங்குவது?" என்று கேட்பதுண்டு. திருகோணமலை வலயத்து அரச பாடசாலைகளில் ஆசிரியையாக, வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பானவளாக, கடைசியில் பிரதி அதிபராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கிழமை முழுக்க உங்கள் கதிரையில் இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். இடைவேளையில் குழாயடிக்குப் போங்கள். ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு பஸ் தரிப்பிடம் வரை நடவுங்கள். யார் தனியாக நிற்கிறார், யாரைக் கண்டு யார் ஒதுங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். பிள்ளையோ, ஆசிரியரோ, காவலாளியோ, பெயரையும் இடத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மற்ற வேலைகள் எல்லாம் அந்தக் கொப்பியிலிருந்து தானாகக் கிளம்பும்.

வாசல்

பிந்தி வருகிற பிள்ளைகளை வெயிலில் முழந்தாளில் நிறுத்தும் வழக்கம் உங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்குத் தெரியும்: மாரி முடிந்து கடல் அமைதியாகி, கரைவலைக் காலம் தொடங்கினால், பெரிய வகுப்புப் பையன்களில் சிலர் விடியப்புறம் வலை இழுக்கப் போய்விடுவார்கள். இழுத்தால் ஒரு பங்கு. அந்தப் பங்கில்தான் அன்றைக்கு வீட்டில் உலை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டு மணிக்குக் கணுக்காலில் மணல் ஒட்டியபடி, சீருடையை மட்டும் சுத்தமாகப் போட்டுக்கொண்டு வருவான். தண்டனையை அவன் தாங்கிக்கொள்வான். தங்கச்சியின் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளில், பிந்தினால் வராமலே விடத் தொடங்கினான். வகுப்பாசிரியர் இடாப்பைப் புரட்டிப் பார்த்துத்தான் விஷயத்தைப் பிடித்தார்.

பிறகு நாங்கள் செய்தது சின்ன மாற்றம். பிந்தி வருபவரின் பெயரை வாசலில் எழுதிவிட்டு நேரே வகுப்புக்கு அனுப்பினோம். காரணத்தை இடைவேளையில் ஒரே ஒருவர், தனியாகக் கேட்டார். பாதிக் காரணங்கள் பள்ளிக்கூடத்தால் தீர்க்கக்கூடியவையாக இருந்தன. தீர்க்க முடியாதவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். கட்டாயக் கல்வி வயது 2016 இலிருந்து 5 முதல் 16 வரை. வராத பிள்ளையைத் தேடிப் போவது நம் கடமைக்குள் வருகிறது.

மலசலகூடம்

இதைப் பற்றிப் பேச அதிபர்கள் கூச்சப்படுகிறார்கள். எனக்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் குணம் தெரிவது இங்கேதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பாருங்கள். காலையில் வீட்டில் நிரப்பியது அப்படியே இருந்தால், மலசலகூடம் போகப் பயந்து அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை வெயிலில் ஆறு மணித்தியாலம் அப்படி இருக்கிற பிள்ளைக்குத் தலையிடியும் சிறுநீர்க் கடுப்பும் வராமல் என்ன செய்யும்?

உள்ளே போய்ப் பாருங்கள். கதவுக்கு உள்கொண்டி இருக்கிறதா? கொண்டி இல்லாத கதவை வெளியே நின்று சிநேகிதி பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிநேகிதி இல்லாத பிள்ளை போவதே இல்லை. வாளியும் கோப்பையும் இருக்கின்றனவா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா, ஜன்னல் பக்கம் மதிலேறி யாரும் எட்டிப் பார்க்கலாமா? கொண்டிக்கும் தொட்டிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையிருப்பே போதும். பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதவிடாய்த் துவாய் வாங்க மாணவிகளுக்கு வவுச்சர் கொடுக்கும் திட்டத்தை அரசு 2024 இல் தொடங்கியது. ஆனாலும் திடீரென்று தேவைப்படும் பிள்ளைக்காக ஒரு பைக்கட் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். அது எந்த ஆசிரியையின் அலுமாரியில் இருக்கிறது என்பது ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காரணம் கேட்காமல் கொடுக்கிற ஆசிரியையாகப் பார்த்துப் பொறுப்பைக் கொடுங்கள்.

ஆண் பிள்ளைகள் பக்கத்தில் பிரச்சினை வேறு. சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்கள் மிரட்டுவதும் காசு பறிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இடைவேளையில் ஓர் ஆண் ஆசிரியர் அந்தப் பக்கம் நடமாடினாலே பாதி அடங்கிவிடும். மாணவத் தலைவர்களை மட்டும் நம்பி விடாதீர்கள். மிரட்டுபவன் சில வேளை அந்தப் பட்டியை அணிந்திருப்பான்.

ஆசிரியர் அறை

பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். அவமானப்பட்டு வகுப்புக்குப் போகிற ஆசிரியர் அந்த அவமானத்தை யாரோ ஒரு பிள்ளையின் தலையில் இறக்கி வைப்பார். ஆகவே ஆசிரியர் அறையைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம்.

நம் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருமளவில் இருக்கிறோம். பள்ளிக்கூடங்களோ தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று பிரிந்து கிடக்கின்றன. அதனால் ஒரு பாடசாலையில் வேறு சமூகத்து ஆசிரியர் பெரும்பாலும் ஒருவர், இருவர்தான். 2018 இல் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி நம் ஊரில் எழுந்த பிரச்சினையை நாடே பார்த்தது. இரண்டு பக்கத்திலும் மனங்கள் நொந்தன, பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நிலைப்பாட்டை ஒளிக்கவில்லை: படிப்பிக்க வந்தவர் தன் மார்க்கத்துக்கு ஏற்ப மரியாதையாக உடுத்தி வந்தால், அதை வாசலில் வைத்து விசாரிக்க யாருக்கும் உரிமையில்லை. குங்குமத்துக்கும் சிலுவைக்கும் அதே நியாயம். இந்தப் பேச்சை, புதியவர் வந்து சேரும் முன்பே ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் பேசி முடித்துவிட வேண்டும். அவர் வந்த பிறகு பேசினால், அவரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவதாகிவிடும்.

நேர அட்டவணையிலும் மரியாதை காட்டலாம். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியருக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடங்களைப் போடாதீர்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஒவ்வொரு கிழமையும் உங்களிடம் வந்து கெஞ்சுகிற நிலை வேண்டாம். நோன்பு காலத்தில் அவரை விளையாட்டுப் போட்டிப் பொறுப்பில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். மூதூர், வெருகல் போன்ற இடங்களுக்கு நியமனம் பெற்று வரும் வெளிமாவட்ட ஆசிரியைக்கு முதல் உதவி, பாதுகாப்பான தங்குமிடம் தேடிக் கொடுப்பது. அபிவிருத்திச் சங்கத்தில் சொன்னால் நல்ல வீடு ஒன்று கிடைக்கலாம்.

தேநீர்க் கோப்பைகளை யார் கழுவுகிறார் என்று பாருங்கள். எப்போதும் புதிய ஆசிரியையும் சுகாதாரத் தொழிலாளியும்தான் என்றால் முறை போட்டுப் பிரியுங்கள். தொழிலாளிக்குத் தனிக் கோப்பை வைக்கிற பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால், அன்றைக்கு அவரோடு அதே மேசையில் அதே கோப்பையில் நீங்கள் குடியுங்கள். சாதியைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்துவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

இளம் ஆசிரியைக்குத் தொந்தரவு கொடுப்பவர் மூத்தவராக இருந்தாலும், முறைப்பாட்டை எழுத்தில் வாங்கித் திகதி போட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். பாலியல் துன்புறுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். "அவர் பகிடிக்குச் சொன்னவர்" என்று சமாளிக்க இடம் கொடுக்க வேண்டாம்.

வகுப்பறை

பிரம்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதிக்க எதுவும் இல்லை. உடல் தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. ஆசிரியர் அடித்ததில் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்புச் சொன்னது. "அடியாத மாடு படியாது" என்று சொல்லும் பெற்றோரிடம் இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லுங்கள்.

அடிக்காமலும் ஒரு பிள்ளையை நொறுக்கலாம் என்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். "அப்பா என்ன வேலை, எழும்பிச் சொல்" என்பது சாதாரணக் கேள்வி போலத் தெரியும். அப்பா காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை, அம்மா குவைத்தில் வேலை செய்ய அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை, அப்பா மறியலில் இருக்கும் பிள்ளை எல்லாரும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தத் தகவல் வேண்டுமானால் படிவத்தில் வாங்குங்கள். வசதிக் கட்டணம் கட்டாதவர்களின் பெயரைக் காலைக்கூட்டத்தில் வாசிக்கவே கூடாது. வெருகல், மூதூர்ப் பக்கத்துப் பூர்வகுடிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் "வேடன்" என்று கூப்பிட்டால், ஆசிரியர் சிரித்துக் கடந்து போகாமல் அங்கேயே நிறுத்திப் பேச வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிவு வரும்போது வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் படத்தை மட்டும் வாசலில் பெரிதாகக் கட்டுகிறோம். தாண்டாத பத்து வயதுப் பிள்ளை மிச்ச மாதங்கள் முழுக்க அதற்குக் கீழால்தான் உள்ளே வருகிறது. அந்தப் பதாகையே வேண்டாம் என்பது என் கருத்து.

சக்கர நாற்காலிப் பிள்ளைக்குச் சாய்தளம் கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கை மேசனிடம் நீங்களே சொல்லுங்கள். செங்குத்தாகக் கட்டியது மாரி மழையில் வழுக்கும். பிறகு அந்தப் பிள்ளையை யாராவது தூக்கித்தான் கொண்டு போக வேண்டும். அதைவிட இலகுவான வழியும் உண்டு: அந்தப் பிள்ளையின் வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள். பார்வை குறைந்த பிள்ளையை முன் வாங்கில் இருத்துங்கள், எழுதுவதை வாசித்துக்கொண்டே எழுதுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். பதினோராம் வகுப்பு வரை பொறுக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே கடிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

பிள்ளை வந்து சொன்னால்

பகிடிவதை என்றால் இரண்டு பேரையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக நிறுத்தி "கை குடுத்துச் சமாதானமாகுங்கோ" என்று சொன்னால், அடிபட்டவன் அடித்தவனின் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நடந்ததை எழுதி, ஒரு கிழமை கழித்து அடிபட்ட பிள்ளையிடம் "இப்ப எப்படி?" என்று மறுபடி கேளுங்கள். இந்த இரண்டாம் கேள்வியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

பாலியல் துஷ்பிரயோகம் என்று தெரிந்தால் முறை முற்றிலும் வேறு. பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். "ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். மூன்று ஆசிரியர்கள் மாறி மாறி விசாரிக்கக் கூடாது. சந்தேக நபரைக் கூப்பிட்டுக் கேட்கவே கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் எந்தத் தொலைபேசியிலிருந்தும் இலவசம்; பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவும் உண்டு. அன்றைக்கே சொல்லுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களோ பள்ளிவாசல் நிர்வாகமோ பழைய மாணவர் சங்கமோ "பேசித் தீர்ப்போம், பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும்" என்று வந்தால் கதிரை கொடுத்து உட்காரவையுங்கள், தேநீரும் கொடுங்கள், ஆனால் அந்தப் பேச்சுக்கு உடன்படாதீர்கள். பிள்ளையை விடப் பெரிய பெயர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கிடையாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அதிபர்களுக்கு இடமாற்றம் வரும். வந்தவுடன் எல்லாம் பழையபடி திரும்பிவிடுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே வாசல் முறை, துவாய் அலுமாரிப் பொறுப்பு, வெள்ளிக்கிழமை அட்டவணை, 1929 ஐ யார் அழைப்பது என்பவற்றைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானமாகப் பதியுங்கள். பிள்ளைகளின் பெயர் உள்ள கொப்பியைப் பூட்டி வைத்து, பொறுப்புக் கொடுக்கும் நாளில் அடுத்த அதிபரின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.