நெடுந்தீவுக்குப் போகிறீர்களா? திரும்பும் படகை முதலில் கேளுங்கள்

என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி போன மாதம் நெடுந்தீவுக்குப் போய்வந்தாள். "ரீச்சர், அங்க பெரிசா ஒண்டும் இல்லை. ஒரு உடைஞ்ச கோட்டையும் கொஞ்சக் குதிரையும்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் அம்மம்மா பிறந்த ஊர் அது. எப்படிச் சுற்றினாய் என்று கேட்டேன். ஒரு ஓட்டோவில் ஏறி, மூன்று மணித்தியாலத்தில் பத்து இடம் பார்த்தாளாம். அந்த ஓட்டத்தில் எந்த ஊரும் ஒன்றுமில்லாத ஊர்தான். இன்னொரு முறை போ என்று அவளை உட்காரவைத்துச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் பொதுவாக அடங்கிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். படகு ஓடும், உங்கள் வயிறு ஓடுமா என்பது வேறு கதை. கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடையும் சேர்ந்தால் படகே நின்றுபோகும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் தீவுச் சனம் வைத்தியத்துக்கும் மரக்கறிக்கும் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு ஒரு நாள் பயணம் பிழைக்கிறது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் படகு ஏறும் துறையான குறிகட்டுவானுக்குப் போகும் 776ஆம் இலக்க பஸ்ஸை விடியவே பிடியுங்கள். காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போயிற்று. பஸ் பண்ணைப் பாலம் கடக்கும்போது வலது பக்கமும் இடது பக்கமும் கடலுக்குள் தடி நட்டுக் கட்டிய வலைகள் தெரியும். களங்கட்டி வலை. கரையோடு வரும் மீனையும் இறாலையும் வேலி போட்டு உள்ளே திருப்பிப் பிடிக்கிற வேலை. அப்புறம் வேலணை, புங்குடுதீவு. ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். இன்று அந்தப் பெயர்களைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

குறிகட்டுவான் துறையில் ஒரு விஷயத்தில் கவனம். நயினாதீவுக்கும் அங்கிருந்தே படகு. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் போகிற கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்த் தங்கள் படகில் ஏற்றிவிடும். "நெடுந்தீவோ?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டே காலை வையுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அரச படகில் நான் போன நாட்களில் காசு கேட்டதில்லை. ஏறியதும், முடிந்தால் ஏறும் முன்பே, திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகில் வேலை செய்கிறவர்களிடமே கேளுங்கள். கடைக்காரர், ஓட்டோக்காரர் சொல்வதை நம்பவேண்டாம். நேரம் மாறும், நான் இங்கே எழுதினால் அது உங்களைக் கவிழ்த்துவிடும்.

கீழ்த்தட்டில் இருக்கை இருக்கும், கூடவே வெக்கையும் டீசல் மணமும் இருக்கும். மேலே நில்லுங்கள், தொப்பி பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

இந்தக் கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகு நடுவழியில் மறிக்கப்பட்டது. பெண்களும் கைக்குழந்தையும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் இறங்கும் மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி உண்டு. செல்பிக்கு நிற்கும் இடமில்லை அது. ஒரு நிமிடம் நின்று பெயர்களை வாசித்துவிட்டுப் போங்கள். அம்மம்மா அதற்குப் பிறகு குமுதினியில் ஏறவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தா. வேறு படகு கிடைக்காத ஒரு நாளில் ஏறினா. வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லுவா.

துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் வருவார்கள். "அக்கா, எல்லா இடமும் காட்டுறன்" என்பார்கள். அந்த "எல்லா இடமும்"தான் வினை. தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். "நாலு இடம் போதும், ஆறுதலாய்ப் போவம்" என்று சொல்லி, விலையையும் திரும்பும் நேரத்தையும் பேசிவிட்டு ஏறுங்கள். இளசுகள் என்றால் சைக்கிள் நல்லது. ஆனால் நிழல் குறைவு. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் குறிகட்டுவானுக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். தீவில் நல்ல தண்ணீருக்கு ஊரவரே கஷ்டப்படுகிறார்கள், நாம் போய்ப் பங்கு கேட்கக்கூடாது.

நான் முதலில் காட்டுவது கோட்டையை இல்லை, வேலியை. துறையிலிருந்து ஊருக்குள் போகும் வழியெங்கும் இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் கல்வேலிகள். சீமெந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் சின்னக் கல்லைச் செருகி நிறுத்தியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனையோலை வேலியை வருஷம் வருஷம் அடைக்கவேண்டும். கல்வேலியைக் கறையான் அரிக்காது, மாடு தின்னாது. இடைவெளியால் காற்று புகுந்து போவதால் சோளகத்துக்கும் சரியாது. தோட்டம் கொத்தினால் வருகிற கல்லை எங்கேயாவது போடத்தானே வேண்டும், அதுதான் வேலியாயிற்று என்பா அம்மம்மா. இந்தக் கல்லை உற்றுப் பாருங்கள். உடைந்த பவளத்தின் வரிகளும் ஓட்டைகளும் தெரியும். இதைக் கண்ணில் பதித்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கத் தொடங்கும், ஏனென்றால் வந்தவன் எவனும் வேறு கல் கொண்டு வரவில்லை.

கோட்டைக்குப் போனால் அதே கல். போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பிறகு வைத்திருந்தது என்பார்கள். ஊர்ச்சனம் மீகாமன் கோட்டை என்று சொல்லும். இரண்டு தளத்தின் சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. சுவரின் தடிப்பைக் கையை நீட்டி அளந்து பாருங்கள். மேலே ஏறவேண்டாம், முருகைக்கல் உதிரும். அரச அலுவலகங்கள் இருக்கிற பக்கம் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று தூண்மேல் நிற்கிறது. சுற்றிவரப் பொந்துகள். செய்தி கொண்டு போகும் புறாக்களை வளர்த்த இடம். கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் கையை உயர்த்திக்கொண்டு அதன் முன்னால் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை என்று காட்டுவார்கள். அங்கே கிடப்பது பௌத்த தூபிகளின் அடித்தளங்கள், அதுவும் முருகைக்கல்தான். இது யாருடைய பௌத்தம் என்று இன்று அரசியல் பேசுகிறார்கள். தமிழரிடையேயும் பௌத்தம் இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஊர்க்கதை வேறு மாதிரி. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வந்தானாம், இந்தத் தீவை ஆண்ட வெடியரசன் மறித்துச் சண்டை பிடித்தானாம். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோட்டையைச் சனம் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. அது எனக்குப் பிடித்த பங்கீடு.

குதிரைகளுக்கு வருவோம், எல்லோரும் அதற்குத்தானே வருகிறீர்கள். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள். ஊரில் மட்டக்குதிரை என்பார்கள். ஆங்கிலேயர் ஆண்ட தொடக்க காலத்தில், நோலன் என்ற அயர்லாந்துக்காரர் இந்தத் தீவுக்கு அதிகாரியாக இருந்து குதிரை வளர்ப்பைப் பார்த்தார். லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. ஆள் போன பிறகும் குதிரை நின்றுவிட்டது. 2015இல் அவை திரிகிற வெளியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தால் தண்ணீர் வருமா? கடும் வரட்சியில் குதிரைகள் விடாயில் செத்துக் கிடந்த வருஷங்கள் உண்டு. ஆகவே குதிரை பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் தேங்கும் இடத்தைக் கேட்டுப் போய், தூரத்தில் நில்லுங்கள். கிட்டப் போனால் குடிக்காமலே ஓடிவிடும். பிஸ்கற் நீட்டாதீர்கள்.

தண்ணீர் என்றதும் சாராப்பிட்டிக் கிணறுகளைச் சொல்லவேண்டும். ஓட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகமாட்டார், நீங்கள் கேட்கவேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் மழை கீழே இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே நல்ல தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கும். அளவாய் அள்ளினால் இனிக்கும், ஆசைப்பட்டு இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். தீவில் நல்ல தண்ணீர் கிடைக்கிற அருமையான இடங்களில் இது ஒன்று. ஊரின் பழைய பெயர்களில் ஒன்று பசுத்தீவு. போர்த்துக்கீசரும் மாட்டுத்தீவு என்றே தங்கள் மொழியில் எழுதினார்கள். கடலுக்கு நடுவே இத்தனை மாட்டையும் குதிரையையும் காப்பாற்றியது இந்த மெல்லிய படைதான். கோட்டை கட்டியவன் எவனாக இருந்தாலும் முதலில் கிணற்றைத்தான் தேடியிருப்பான்.

பெருக்க மரத்தைப் போகிற வழியில் பாருங்கள். ஆப்பிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டு வந்தது என்பார்கள். அடியில் ஆள் புகுந்து நிற்கும் பொந்து உண்டு. மன்னார் பெருக்க மரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறிது. வளரும் கல், பெரிய மனிதனின் காலடி இரண்டையும் நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

தெற்குப் பக்கத்துக் குவிந்தா கோபுரத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். மேலே தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழி காட்டிய கோபுரம், சுற்றி வெறும் வெளி, அப்பால் கடல். அந்தக் காற்றில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி மாவிலித்துறைக்கு வந்தபோது படகு கையளவாகத் தெரிந்தது. தூரத்து உறவு என்று சொல்லி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஆற்றை பிள்ளை நீ?" என்று கேட்டு, அம்மம்மாவின் பெயரைச் சொன்னதும் பாய் விரித்தார்கள். அன்றிரவு ஒடியல் கூழ். எல்லோருக்கும் அம்மம்மா இருக்கமாட்டா, ஆகவே கோபுரத்தை முதலில் முடியுங்கள்.

படகு போனதால் ஒரு நன்மை: விடிய வள்ளங்கள் கரைக்கு வருவதைப் பார்த்தேன். நீங்கள் பகலில் போனால் வலையைச் சிக்கெடுத்துத் திருத்துகிறவர்களைத்தான் காண்பீர்கள். கிட்டப் போய்ப் பேசலாம், வலையை மிதிக்காமல் நில்லுங்கள். அன்று ஒரு ஐயா கிழிந்த வலையை விரித்துக் காட்டினார். எதிர்க்கரைத் தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப்படகு அடியோடு வாரிக்கொண்டு போனதன் மிச்சம். 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. "சட்டம் கடலுக்கை வராது தங்கச்சி" என்றார் அவர். கச்சதீவும் நிர்வாகத்தில் நெடுந்தீவோடு சேர்ந்ததுதான். அதை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தைப் பற்றிக் கரையில் நின்று பேசுகிறவர்களுக்கு அது ஒரு கோடு, இவருக்கு வலையின் விலை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் ஒன்றாக நின்று பூசை காணும் என்பதையும் அவரே சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டை இறங்கியவுடனேயே ஒரு கடையில் சொல்லிவையுங்கள். திடீரென்று பத்துப் பேர் போய் நின்றால் சோறு இருக்காது. ஓராமீன் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். காசைத் தாளாகக் கொண்டு போங்கள்.

கருவாடு வாங்குவதென்றால் வீட்டில் உலர்த்தி விற்பவர்களிடம் வாங்குங்கள். ஆனால் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், பக்கத்தில் இருக்கிறவர் உங்களைத்தான் பார்ப்பார்.