ஓவியத்தின் முன்னும் கோலத்தின் முன்னும் விழிப்புடன் இருத்தல்

கலைக்கூடத்திற்குச் செல்வோரில் பலர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதனருகில் உள்ள விளக்கக் குறிப்பைப் படித்துவிடுகிறார்கள். பெயரும் ஆண்டும் தெரிந்தவுடன் பார்த்தாகிவிட்டது என்ற நிறைவு வந்து, கால்கள் அடுத்த படத்தை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. பௌத்தத் தியான மரபு கற்றுத்தரும் கவனத்தைக் கலைக்குள் கொண்டுவர விரும்புவோர் முதலில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்திற்குச் சென்றால் ஒரு முறைக்கு ஒரு படைப்பு போதும். சிங்கப்பூர் ஓவியர் சியோங் சூ பியெங் 1978இல் துணியின்மீது சீன மையாலும் வண்ணத்தாலும் தீட்டிய, கருவாடு காயவைக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரின் 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பதால் பாராமலே பழகிப்போன படம் அது. அதனாலேயே பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. அது அன்று காட்சியில் இல்லையெனில் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிறர் வழியை மறைக்காத இடத்தில் நின்றுகொண்டோ அமர்ந்துகொண்டோ, பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். மூச்சை மாற்ற முயல வேண்டாம். நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிவதே, மூச்சைக் கவனிக்கும் பௌத்தப் பயிற்சியான ஆனாபானசதி கூறும் தொடக்கம். பிறகு கண்ணை ஓவியத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாக நகர்த்துங்கள்.

அடுத்து வருவதே இப்பயிற்சியின் மையம். விழிப்புணர்வை நிலைநிறுத்துவது பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சுத்தம் உடல், வேதனை, சித்தம் (மனநிலை), தம்மம் (மனத்தில் தோன்றுபவை) என்ற நான்கை உற்றறியச் சொல்கிறது. இவற்றுள் வேதனை என்பது எதைக் கண்டாலும் உடனே எழும் இனிமை, இன்னாமை, இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றையும் குறிக்கும். சிவப்பைக் கண்டதும் உள்ளே ஏதோ மலர்கிறதா, நீண்டு மெலிந்த உருவங்கள் சற்று உறுத்துகின்றனவா என்று கவனியுங்கள்; “நல்ல ஓவியம்”, “எனக்கு ஒத்துவராத பாணி” என்ற தீர்ப்புகள் பெரும்பாலும் அச்சிறு அசைவின்மேல் எழுப்பப்பட்டவை என்பது அப்போது தெரியவரும். இரண்டுமற்ற பகுதிகளையும் விட்டுவிடாதீர்கள். பின்புலத்தின் வெற்றிடத்தில் கண் எவ்வளவு விரைவாகச் சலித்துத் தப்பியோடுகிறது என்பதைக் காண்பதே, என் கருத்தில், முழுப் பயிற்சியிலும் மிகக் கடினமானது. மனம் மதிய உணவைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் அதைக் கண்டுகொண்டு, கடிந்துகொள்ளாமல், மீண்டும் கோடுகளுக்குத் திரும்புங்கள். விளக்கக் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். காதில் இதமான இசையை மாட்டிக்கொண்டு பார்ப்பவர்களும் உண்டு; அது இளைப்பாறுதலாகலாம், ஆனால் உறுத்தலைக் காணும் வாய்ப்பை அது பறித்துவிடும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம் என்பதால், அதே படைப்பிடம் மீண்டும் செல்வதில் செலவும் இல்லை.

பார்ப்பதோடு நில்லாமல் நாமே படைத்துப் பழக, நம் வீடுகளில் உள்ள எளிய வழி கோலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் அண்டைவீட்டார் நடக்க இடம்விட்டு, ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடலாம். இடமில்லாதவர்கள் தாளில் வரையலாம். புள்ளி வைக்கும்போது மாவின் நெருநெருப்பையும் விரல்களின் அழுத்தத்தையும் மட்டும் கவனியுங்கள். வளைவுகளைக் கூடியவரை மூச்சு வெளியேறும்போது இழுங்கள். மூச்சு தீர்ந்தால் கோட்டை நிறுத்தி, அடுத்த மூச்சில் தொடருங்கள். ஒரு சுழி தவறும் கணத்தில் தோள் இறுகும், கை உடனே துடைக்கப் போகும்: அந்த இறுக்கத்தைப் பார்ப்பதற்காகவே, கோலம் முடியும்வரை எதையும் அழிக்காமல் விடுவது நல்லது. கைபேசியை அதுவரை உள்ளேயே வைத்துவிடுங்கள். படமெடுக்கும் எண்ணம் வந்துவிட்டால் கோடு பார்ப்பவருக்காக வளையத் தொடங்கும்.

கோலம் பழகாதவர்கள் ஜப்பானிய ஜென் மரபின் என்சோவை முயலலாம். தூரிகையை மையில் தோய்த்து, திருத்தாமல், ஒரே இழுப்பில் ஒரு வட்டம் வரைய வேண்டும். வட்டம் மூடாமல் நின்றாலும் குற்றமில்லை. அலுவலக இடைவேளையில் ஒரு தாளும் தூரிகைப் பேனாவும் இதற்குப் போதும். வரைந்த பிறகு அடுத்த வட்டத்திற்கு விரையாமல், மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.