முதற்பால், இரண்டாம்பால்: அக்காவும் தம்பியும் வீட்டில் கடும் ஏல் காய்ச்சும் முறை

தேங்காயைத் துருவிப் பிழிந்தால் முதலில் கெட்டிப்பால் வரும். அதே துருவலில் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழிந்தால் தண்ணிப்பால் வரும். இங்கிலாந்தின் பழைய பியர் ஆலைகள் கடும் ஏல், அதாவது மது மிகுந்த ஆங்கிலப் பியர், காய்ச்சியதும் ஏறத்தாழ இதே கணக்கில்தான். வெந்நீரில் ஊறிய மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை) முதலில் இறங்கும் அடர்ந்த சாறு கடும் ஏலுக்குப் போகும். மறுபடி நீர் ஊற்றி இறக்கிய இளஞ்சாறு அன்றாடம் குடிக்கும் இலகுவான ஏலாகும். ஒரே ஊறலிலிருந்து இரண்டு பானங்கள் எடுக்கும் இந்த முறைக்குப் பார்ட்டி-கைல் என்று பெயர். லண்டன் சிஸ்விக்கில் உள்ள ஃபுல்லர்ஸ் ஆலை இதற்குப் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் டெர்பியில் வசிக்கும் என் தம்பியும் நானும் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு நாள் இப்படித்தான் காய்ச்சுகிறோம். இரண்டு சாறு, இரண்டு பானை, இரண்டு அடுப்பு என்பதால் இந்த வேலைக்கு ஒருவர் போதாது. அதே சமயம், பிறர் சமையலறையில் உரிமையோடு குறுக்கே நின்று பேசக்கூடிய ஒருவர் கூட இருப்பதும் நல்லது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1963 முதல் வீட்டுக்காகப் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. ஆனால் அதை விற்கக் கூடாது, உரிமமின்றி வாலை வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம் என்பதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதை அறிந்துகொள்வதற்காக மட்டுமே படிக்க வேண்டும். செய்தித்தாள்களில் 'ஊறல் அழிப்பு' என்று வருகிற ஊறல் சாராயம் வடிப்பதற்கானது. இங்கே வடித்தல் என்ற படியே கிடையாது.

கீழே உள்ள அளவுகள் 10 லிட்டர் கடும் ஏலுக்கும் 10 லிட்டர் இலகு ஏலுக்கும் உரியவை. மாரிஸ் ஆட்டர் என்ற வாற்கோதுமை வகையின் நொறுக்கிய மால்ட் ஆறேகால் கிலோவும் நடுத்தர நிறமுள்ள கிரிஸ்டல் மால்ட் கால் கிலோவும் வேண்டும். கிரிஸ்டல் மால்ட்டைக் கூட்டினால் சுவையும் கூடும் என்று எண்ணி ஒருமுறை முக்கால் கிலோ போட்டோம். வந்தது ஏல் அன்று, வெல்லப்பாகு. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' என்ற வகை 100 கிராம், கடும் மதுவைத் தாங்கக்கூடிய ஆங்கில ஏல் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலங்கள் மூன்று. கருவிகள் என்றால், அடியில் சல்லடைத் தட்டும் குழாயும் பொருத்திய 30 லிட்டர் ஐஸ்பெட்டி ஒன்று, 15 லிட்டருக்குக் குறையாத பானைகள் இரண்டு, 15 லிட்டர் மூடி வாளிகள் இரண்டு, வெப்பமானி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், உறிஞ்சுகுழாய், கழுவத் தேவையில்லாத வகைக் கிருமிநீக்கி ஆகியவை போதும். ஹாப்ஸ் பொட்டலத்தில், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விழுக்காடு அச்சிட்டிருக்கும். என் கணக்கு 5 விழுக்காட்டுக்கானது.

குழாய்நீரில் உள்ள குளோரின், ஏலில் மருந்து வாடையாக மாறும். ஆகவே மொத்தத் தேவையான 30 லிட்டர் நீரையும் முந்தைய இரவே பிடித்து, அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிட வேண்டும். டெர்பிக்கு அருகிலுள்ள பர்ட்டன் அபான் ட்ரென்ட், தன் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஜிப்சத்தால்தான் உலகறிந்த ஏல் நகரமானது என்பதைக் கேட்டதிலிருந்து என் தம்பி ஜிப்சத்தை விபூதி போலத் தூவப் பார்க்கிறான். மென்னீர் உள்ள ஊர்களில் ஒரு தேக்கரண்டி போதும். கடினநீர் உள்ள ஊர்களில் ஒன்றும் வேண்டாம்.

காய்ச்சும் நாள் காலையில் 17 லிட்டர் நீரை 74 டிகிரிக்குச் சூடாக்கி, முன்னரே வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி வைத்த ஐஸ்பெட்டியில் ஊற்றுங்கள். ஒருவர் மால்ட்டைச் சிறிது சிறிதாகக் கொட்ட, மற்றவர் களி கிண்டும் துடுப்பால் அடிவரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேழ்வரகுக் களியில் கட்டி தட்டுவது போலவே இதிலும் தட்டும். கட்டிக்குள் உலர்ந்து கிடக்கும் மாவிலிருந்து சர்க்கரை கிடைக்காது. கிண்டி முடித்ததும் வெப்பம் 65 அல்லது 66 டிகிரியில் நிற்க வேண்டும். 68ஐத் தாண்டினால் ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரைகள் மிகுந்து, ஏற்கெனவே கனமான ஏல் திகட்டும் அளவுக்கு இனித்துவிடும். மூடியைப் போர்வையால் சுற்றி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அரை மணியில் வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை எழும். அதுவும் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வருவதுதான்.

பிறகு குழாயை மெல்லத் திறந்து, முதலில் கலங்கலாக வரும் இரண்டு மூன்று லிட்டரை ஒரு குவளையில் பிடித்து மேலாகவே திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். உமியே வடிகட்டியாகப் படிந்து சாறு தெளிந்ததும் முதற்பானைக்குத் திருப்பலாம். அவசரப்பட்டுக் குழாயை முழுக்கத் திறந்தால் தானியம் இறுகி அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 11 லிட்டர் இறங்கியதும் ஒழுக்கு நின்றுவிடும். அப்போது 77 டிகிரியில் உள்ள 13 லிட்டர் வெந்நீரை ஊற்றிக் கிண்டி, கால் மணி நேரம் கழித்து மறுபடி தெளியவைத்து, முதல் ஒரு லிட்டரை முதற்பானையிலும் மிச்சம் 12 லிட்டரை இரண்டாம் பானையிலும் பிடியுங்கள்.

இங்கேதான் ஹைட்ரோமீட்டர் பேச வேண்டும். ஒவ்வொரு பானையிலிருந்தும் சிறிது சாற்றை எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தால், வெறும் நீர் 1.000 என்ற கணக்கில், முதற்பானை 1.080 அளவிலும் இரண்டாவது 1.038 அளவிலும் இருக்கும். புள்ளிக்குப் பிந்தைய எண்ணை லிட்டரால் பெருக்கி வரும் தொகை கொதிப்பில் மாறாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம். 80ஐ 12ஆல் பெருக்கினால் 960. அது 10 லிட்டராக வற்றும்போது 96, அதாவது 1.096. முதற்பானை 1.074தான் காட்டுகிறது என்றால் பதறாமல், 9 லிட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்கு வற்றும் வரை கொதிக்கவிடுங்கள். இந்தக் கணக்கு தெரிவதற்கு முன் தம்பி கடைச்சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்வான். சிறிதளவு போடுவதில் தவறில்லை, ஆனால் கிலோக் கணக்கில் போட்டால் மால்ட் தரும் கனம் போய்ச் சாராயக் காரம் மட்டும் மிஞ்சும்.

முதற்பானை ஒன்றரை மணி நேரம் மூடியில்லாமல் கொதிக்க வேண்டும். முதல் கொதியில் நுரை பொங்கி வழியும் என்பதால் அந்தப் பத்து நிமிடம் ஒருவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது. கொதி முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் 65 கிராம் ஹாப்ஸும், பத்து நிமிடம் இருக்கையில் 15 கிராமும் சேருங்கள். அடர்ந்த சாற்றில் ஹாப்ஸின் கசப்பு எளிதில் இறங்காது. அளவு கூடுதலாகத் தோன்றினாலும் குறைக்காதீர்கள். இரண்டாம் பானைக்கு 20 கிராம் ஹாப்ஸும் ஒரு மணி நேரக் கொதியும் போதும். பிறகு இரண்டையும் செம்புக் குளிர்குழாயாலோ ஐஸ்நீர் நிரப்பிய தொட்டியாலோ 18 டிகிரிக்கு விரைவாகக் குளிரவையுங்கள். சாறு குளிர்ந்த நொடியிலிருந்து அதைத் தொடும் கரண்டி, குழாய், கை எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சூடான வேலைகள் தம்பியுடையவை, குளிர்ந்த வேலைகள் என்னுடையவை. அடுப்பருகே நின்றவன் கரண்டியோடு வாளிப் பக்கம் வந்தால் துரத்திவிடுவேன்.

கடும் ஏலின் விதி ஈஸ்ட்டின் கையில் இருக்கிறது. சர்க்கரை அடர்ந்த சாற்றில் ஈஸ்ட் மூச்சுத் திணறும். பிறகு அது உண்டாக்கும் மதுவே அதை நசுக்கும். எனவே கடும் ஏலுக்கு இரண்டு பொட்டலம், இலகு ஏலுக்கு ஒன்று. கொதித்து 32 டிகிரிக்கு ஆறிய நீரில், ஈஸ்ட்டின் எடையைப் போல் பத்து மடங்கு எடுத்து அதில் தூவி, கால் மணி ஊறவிட்டுச் சேருங்கள். அதற்கு முன், குளிர்ந்த சாற்றைப் பானைக்கும் வாளிக்குமாக உயரத்திலிருந்து இருமுறை மாற்றி ஊற்றுங்கள். டீக்கடையில் ஆற்றுவது போலவே, ஆனால் இங்கே நோக்கம் காற்று கலப்பது. ஈஸ்ட் பெருக உயிர்வளி தேவைப்படும் ஒரே நேரம் இதுதான். நொதித்த பின் காற்றுப்பட்டால் ஏலில் நனைந்த அட்டை வாடை வந்துவிடும்.

மூடியில், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சாதாரண நீர்ப்பூட்டைப் பொருத்தி நிம்மதியாகத் தூங்கப் போவது நாங்கள் இரண்டாம் ஆண்டில் செய்த தவறு. நுரையோடு ஏறிய ஹாப்ஸ் துணுக்குகள் பூட்டின் துளையை அடைக்க, அதிகாலை இரண்டு மணிக்கு மூடி வெடித்துக் கிளம்பியது. "அக்கா, பூனை எதையோ தள்ளிவிட்டது" என்று தம்பி மாடியிலிருந்து குரல் கொடுத்தான். நான் விளக்கைப் போட்டபோது கூரையிலிருந்து பழுப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறை இரண்டு பூச்சுக்குப் பிறகும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. ஆகவே முதல் ஐந்து நாளுக்கு நீர்ப்பூட்டுக்குப் பதில் விரல் பருமனுள்ள குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கிருமிநீக்கி நிறைந்த குடுவையில் மூழ்கவையுங்கள்.

நொதிக்கும் சாறு தானே சூடாகும். அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூட இருக்கலாம். முதல் மூன்று நாள் வாளியைக் குளிர்நீர்த் தொட்டியில் நிறுத்தி 18 முதல் 19 டிகிரிக்குள் பிடித்துவையுங்கள். இல்லையேல் தொண்டையைச் சுடும் காரம் வரும், அது எத்தனை ஆண்டு வைத்தாலும் முழுதாகப் போகாது. நான்காம் நாளிலிருந்து 21 வரை ஏறவிடலாம். மூன்று வாரத்துக்குப் பின் ஹைட்ரோமீட்டர் 1.024ஐ ஒட்டி வந்து, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் நொதிப்பு முடிந்தது என்று பொருள். மது ஏறத்தாழ 9.4 விழுக்காடு இருக்கும். 1.035இல் நின்றுவிட்டால் வாளியைச் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் கிளம்புமாறு மெல்ல அசையுங்கள். அந்த நிலையில் புட்டியில் அடைத்தால் மிஞ்சிய சர்க்கரை உள்ளேயே நொதித்துக் கண்ணாடி வெடிக்கும்.

இலகு ஏல் இதற்குள் தயாராகிவிடும். இரண்டு வாரத்தில் 1.010ஐ எட்டியதும் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால், மேலும் இரண்டு வாரத்தில் குடிக்கலாம். கடும் ஏலைக் காத்திருக்க வைப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

கடும் ஏலை அடிவண்டல் கலக்காமல் உறிஞ்சுகுழாயால் ஒரு கேலன் (ஏறத்தாழ நாலரை லிட்டர்) கொள்ளும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்குக் கழுத்துவரை மாற்றி, குளிர்ந்த இருட்டறையில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். புட்டியில் அடைக்கும் நாளில் லிட்டருக்கு நாலரை கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றிச் சேருங்கள். பழைய ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும் என்பதால் புதிய ஈஸ்ட் 2 கிராமையும் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். இதைத் தவிர்த்த ஆண்டில் எங்கள் ஏலில் ஆறு மாதமாகியும் ஒரு குமிழி எழவில்லை. எங்களுக்குப் பெரும்பாலும் 330 மில்லி புட்டிகள் 25 கிடைக்கும்: ஆளுக்குப் பன்னிரண்டு, ஒன்று பொது. அந்த ஒற்றைப் புட்டியால் சச்சரவு வந்தபின், மூன்றாம் மாதச் சோதனைக்கு அதுதான் என்று எழுதிவைத்துவிட்டோம்.

மூன்றாம் மாதத்தில் அது கரடுமுரடாகவே இருக்கும். கசப்பு ஒருபுறம், இனிப்பு ஒருபுறம் எனப் பிரிந்து நிற்கும். ஆறாம் மாதத்தில் இரண்டும் சேரத் தொடங்கும். ஓராண்டில் உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டி மணம் வரும். ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டு முத்திரையோடு வெளியிடும் வின்டேஜ் ஏலின் வெவ்வேறு ஆண்டுப் புட்டிகளை அருகருகே வைத்துச் சுவைத்தால் இந்த மாற்றம் தெளிவாகப் புரியும். ஒரு புட்டியிலேயே பிரிட்டன் கணக்கில் மூன்று யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 10 மில்லி தூய மது) மேல் மது இருப்பதால், நாங்கள் ஒன்றைத் திறந்து இருவராகப் பகிர்ந்துகொள்கிறோம். அன்றிரவு இருவரும் வண்டி எடுப்பதில்லை.

புட்டிகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, 12 டிகிரியை ஒட்டிய இருட்டில் வையுங்கள். மூடியில் ஆண்டையும் தொடக்க அடர்த்தியையும் எழுதுங்கள். திறக்கும்போது அசைக்காமல் ஒரே சாய்ப்பில் இரண்டு குவளைகளுக்கும் ஊற்றி, கழுத்தை நோக்கி வண்டல் நகரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.