காட்டுயிர்களைக் காண நாள் குறிப்பது எப்படி: முதுமலை முதல் ஆனைமலை வரை

முதுமலைக்குச் சென்று திரும்பியவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், புள்ளிமான்களையும் மயில்களையும் சொல்லிவிட்டு, யானை கண்ணில் படவே இல்லை என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். எந்த மாதத்தில் சென்றீர்கள் என்று அடுத்துக் கேட்டால் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும். பள்ளி விடுமுறையையும் பண்டிகையை ஒட்டி வரும் தொடர் விடுப்பையும் பார்த்து நாள் குறித்திருப்பார்கள். அந்த நாட்களில் காட்டில் தண்ணீர் எங்கே நின்றது, புல் எங்கே தளிர்த்திருந்தது என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். விலங்குகள் நீரையும் உணவையும் தேடித்தான் நடக்கின்றன. ஆகவே பயணத் திட்டம் மழைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். விடுதியும் வாகனமும் அதற்குப் பின்னர் வருபவை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர்ப் பக்கத்தை நனைத்துவிட்டுக் கிழக்கே வரவர வலுவிழந்துவிடுகிறது. மசினகுடியும் சீகூர்ப் பகுதியும் மழை மறைவில் இருப்பதால், அங்கே கோடை மழையும் அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழையும்தான் பெரிய ஆதாரம். 1940இல் சரணாலயமாகி 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட முதுமலையின் மையப்பகுதி 321 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே மேற்கில் மூங்கிலும் தேக்கும் செறிந்த ஈர இலையுதிர் காடும், கிழக்கே செல்லச் செல்ல வறண்ட காடும் முட்புதரும் அடுத்தடுத்து வருகின்றன. யானைகள் ஆண்டு முழுவதும் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே இடம் மாறுகின்றன. அதனால் காப்பகத்தின் பெயரை மட்டும் முடிவு செய்தால் போதாது. அந்த மாதத்தில் அதன் எந்தப் பக்கம் உயிர்ப்போடு இருக்கும் என்பதையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

யானை, காட்டுமாடு, கடமான், புலி ஆகியவற்றைக் காண விரும்புகிறவர்கள் பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான காலத்துக்குள் நாள் தேடுவது நல்லது. மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் பார்வை வெகுதூரம் செல்லும் என்பது ஒரு காரணம். ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றி, மாயாறும் சில குட்டைகளும் வனத்துறை நிரப்பும் தொட்டிகளும் மட்டுமே எஞ்சுவது அதைவிடப் பெரிய காரணம். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவைப்படும். எனவே அது ஆற்றை விட்டு நெடுந்தூரம் விலகிச் செல்ல முடியாது. புலியும் வெயில் நேரத்தில் நீரில் அமிழ்ந்து கிடப்பதை விரும்பும் விலங்கு.

ஆயினும் இந்தக் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை காட்டுத்தீ அச்சம் மிகுதி. தீப்பிடித்தாலோ வறட்சி கடுமையானாலோ வனத்துறை சுற்றுலாவைச் சில நாட்களோ சில வாரங்களோ நிறுத்திவிடும். முதல் கோடை மழைக்குப் பின் நிலைமை தலைகீழாக மாறுகிறது. கருகிக் கிடந்த தரையில் பத்துப் பதினைந்து நாட்களில் இளம்புல் எழும்ப, மான்களும் காட்டுமாடுகளும் பாதையோரத் திறந்த வெளிகளுக்கு வந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், முதுமலைக்கு ஏப்ரல் இறுதியும் மே முதல் பாதியும்தான் மிகச் சிறந்த நாட்கள் என்பேன். அதே நாட்களில் உதகைக் கோடைவிழாவுக்கான கூட்டமும் மலையேறுகிறது என்பதால், செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்களைத் தேர்ந்துகொண்டு, மைசூரு வழியாகவோ அதிகாலையிலோ காட்டை வந்தடையுமாறு திட்டமிட வேண்டும்.

பெருந்திரளான யானைகளைக் காண்பதே நோக்கமென்றால், முதுமலைக்கு வடக்கே கர்நாடகத்தில் உள்ள கபினி நீர்த்தேக்கத்தை முதலிடத்தில் வைக்கலாம். அணை 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது வெளிப்படும் ஈரச் சேற்றுநிலத்தில் புல் முளைத்துப் பரவ, நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு ஆகிய காடுகளின் யானைக்கூட்டங்கள் மார்ச் முதல் மே வரை அங்கே வந்து சேர்கின்றன. பருவமழை தொடங்கி நீர் ஏறியதும் அந்தப் புல்வெளி மூழ்கிவிடும். யானைகளும் கலைந்து காட்டுக்குள் போய்விடும். ஆகஸ்டில் கபினிக்குச் சென்று யானைக்கூட்டத்தை எதிர்பார்ப்பது வீண்.

வரையாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில், ஆடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலா வழக்கமாக நிறுத்தப்படுகிறது. திறக்கும் தேதியைக் கேட்டறிந்துகொண்டு ஏப்ரலில் சென்றால் தாயின் பக்கத்தில் துள்ளும் குட்டிகளைக் காணலாம். ஜூன், ஜூலையில் மூடுபனி பாறைகளை விழுங்கிவிடும்.

வால்பாறையின் சிங்கவால் குரங்குகளைப் பொறுத்தவரை மாதம் அவ்வளவு முக்கியமில்லை. புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரத்திலேயே ஆண்டு முழுவதும் அவை தென்படும். கடும் மழை நாட்களைத் தவிர்த்தால் போதும். ஆனால் அவற்றுக்கு எதையும் உண்ணக் கொடுக்கக் கூடாது. தின்பண்டத்துக்காகச் சாலையில் இறங்கப் பழகிய குரங்கு வண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. பெரிய இருவாச்சிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடுகட்டும் காலம். பெட்டை மரப்பொந்துக்குள் நுழைந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை பழங்களைத் தேடிக் கொண்டுவந்து ஊட்டும். கூட்டருகே ஆட்கள் நின்றால் ஆண் இறங்கி வராது. உள்ளே தாயும் குஞ்சும் காத்துக் கிடக்கும். ஆகவே கூட்டைத் தேடிப் போகாமல், பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு எட்டத்தில் அமர்ந்திருங்கள். இருவாச்சி, மலை அணில், கருமந்தி எல்லாம் அந்த ஒரே மரத்துக்கு வரும்.

நீர்ப்பறவைகளைக் காணச் செல்வோர் இதுவரை சொன்னதைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும். வேடந்தாங்கல் ஏரி வடகிழக்குப் பருவமழையில் நிரம்பினால்தான் மரங்களில் கூடுகள் நிறையும்; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறப்பான காலம். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வேறு நீர்நிலைகளுக்குப் போய்விடும் என்பதால், ஏரியின் நிலையை விசாரிக்காமல் கிளம்பக் கூடாது. கோடியக்கரையில் பூநாரைகளையும் வெளிமான்களையும் ஒரே பயணத்தில் காண்பதற்கும் அதே மாதங்கள் உகந்தவை.

மாதம் முடிவான பிறகு நேரத்துக்கு வருவோம். நீலகிரிப் பகுதியில் சூரியன் ஜனவரியில் ஏறக்குறைய 6.45 மணிக்கும், மே இறுதியில் 6 மணியளவிலும் எழுகிறது. வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு வரும் நேரமுமே விலங்குகள் நடமாடும் வேளை. வனத்துறை காட்டுக்குள் அழைத்துச் செல்லும் காலை உலாவின் முதல் வண்டியில் இடம் கிடைக்க வேண்டுமானால் முந்தைய நாள் மாலையே தெப்பக்காட்டிலோ மசினகுடியிலோ தங்கிவிட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவருக்குக் காலை உலா கிடைப்பது அரிது. பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே செல்லும் மைசூருச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளதையும் கணக்கில் கொள்ளுங்கள். உச்சிவெயிலில் அலைவதைக் காட்டிலும், தெப்பக்காட்டுப் பாலத்தருகே மாயாற்றைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருப்பது பயன் தரும்.

எத்தனை நாள் தங்குவது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் நான்கு நாட்களில் மூன்று காப்பகங்கள் என்று ஓடியிருக்கிறேன். பயணத்தின் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்தது. வனத்துறை வாகன உலா ஏறக்குறைய ஒரு மணி நேரமே நீடிக்கும். ஒரே இடத்தில் மூன்று இரவுகள் தங்கி, காலையும் மாலையுமாக நான்கைந்து முறை சென்றால், முதல் நாள் கண்ட காலடித்தடம் மூன்றாம் நாள் விலங்காக எதிரில் நிற்கக்கூடும். ஓட்டுநருக்கும் உங்கள் பொறுமை புரிந்து, எங்கே நிறுத்திக் காத்திருக்கலாம் என்று அவரே சொல்லத் தொடங்குவார்.

வண்டிக்குள் அமர்ந்தபின் கண்ணைக் காட்டிலும் காதுக்கு அதிக வேலை உண்டு. மந்தி மரத்தின் உச்சியிலிருந்து அடித்தொண்டையில் இருமுவது போலக் குரைத்தாலோ, புள்ளிமான் ஒரே திசையை நோக்கிக் கூவினாலோ, வண்டியை நிறுத்தச் சொல்லிக் காத்திருங்கள். புள்ளிமான் சில நேரம் வெறும் ஐயத்திலும் கத்தும். கடமான் திரும்பத் திரும்பக் கத்தினால் அருகில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்க வாய்ப்பு அதிகம். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட பைனாகுலர் காட்டுக்குப் போதுமானது. அதைவிடப் பெரியது ஆடும் வண்டியில் கையில் நிற்காது. மங்கிய பச்சையோ பழுப்போ உடுத்துங்கள், வாசனைத் தைலங்களைத் தவிருங்கள்.

நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் அங்கே தடை உண்டு. வறண்ட மாதங்களில் உண்ணிகளுக்காகவும், மழை மாதங்களில் அட்டைகளுக்காகவும் நீண்ட காலுறைகளை எடுத்துச் செல்லுங்கள். இரவில் காட்டைக் காட்டுகிறேன் என்று தனியார் ஜீப்பில் அழைப்பவர்களிடம் உறுதியாக மறுத்துவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, விளக்கொளியில் மிரண்ட யானை திருப்பித் தாக்கினால் தப்பிக்க வழியும் இல்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, தங்கப்போகும் விடுதியில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக மழை எப்போது பெய்தது, எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, தீ காரணமாக எந்தப் பாதையாவது மூடப்பட்டிருக்கிறதா. மழை பெய்து பத்து நாளாகிறது, புல் எழும்பியிருக்கிறது என்று பதில் வந்தால் அந்த வாரமே கிளம்புங்கள். நேற்றுதான் பெருமழை கொட்டி எல்லாக் குட்டைகளும் நிரம்பின என்று சொன்னால், முன்பதிவை மாற்ற முடியுமானால் இரண்டு வாரம் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.