தெலுக் ஆயர் தாவாரில் உள்ளான் பார்க்க

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக் கரைக்கு உள்ளான் போன்ற கரைப்பறவைகளைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் கடல் நன்றாக ஏறி இறங்கும். அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, பினாங்கு கடல் ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரத்துக்கு இரண்டரை மணி முன்பே கரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தாநாள் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

நான் தோட்டத்தில் உண்டிவில்லோடு திரிந்த பையன். பறவையை நெருங்குவதே திறமை என்று எண்ணி வளர்ந்தவன். முதல் முறை இங்கே வந்தபோது கடல் வற்றிக் கிடந்தது; பறவைகள் தொலைவில் மிளகு தூவியதுபோல் தெரிந்தன. சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தது, கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் என்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டு, "துங்கு ஆயர் நாயேக்" என்றார். தண்ணீர் ஏறும்வரை பொறு. அன்று மாலை தண்ணீர் ஏற ஏற, அதே பறவைகள் அடி அடியாகப் பின்வாங்கி எங்கள் பக்கம் நடந்து வந்தன.

அவற்றை எழுப்பிவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மேய்பவற்றில் பெரும்பாலானவை சைபீரியா போன்ற வடபகுதிகளில் குஞ்சு பொரிப்பவை. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கின்றன. 2022இல் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை இனத்தின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அந்த இனத்துப் பறவைகள் நம் கரைக்கும் வருகின்றன. ஒரு படத்துக்காக அவற்றை விரட்டுவது அவற்றின் வாயிலிருந்து உணவைப் பறிப்பதற்குச் சமம்.

கரை மேற்கைப் பார்த்தது. காலை ஏற்றம் அமைந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் எல்லாம் கறுப்பு நிழல்தான். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து.

காலிலிருந்து தொடங்குங்கள். சிவந்த கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை: பவளக்காலி. பச்சைக்காலிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் குட்டையான மஞ்சள் கால், தடித்த மூக்கின் அடிப்பாதியும் வெளிறிய மஞ்சள் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீண்டும் பாருங்கள். அது நோர்ட்மன் பச்சைக்காலியாக இருக்கலாம். உலகத்திலேயே 2,000 அளவில்தான் இருக்கின்றன.

சில பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய சிறு வண்ணக் கொடி இருக்கும். எந்த நிறம், எந்தக் கால், முழங்கால் போன்ற மூட்டுக்கு மேலா கீழா என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மாட்டியது, ஆரஞ்சு என்றால் விக்டோரியா மாநிலத்தில். நான் முதன்முதலில் மஞ்சள் கொடியைக் கண்டபோது பென்சிலைப் பிடித்த கை நடுங்கியது.

கடைசிச் சேற்றுத் திட்டும் மூழ்கியதும் கூட்டம் ஒன்றாக எழுந்து, ஒதுங்குவதற்கு வேறு இடம் தேடிப் போகும். அப்போது நீங்களும் எழலாம்.